அழுக்கு முயலை என்ன செய்வது?

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அழுகிற பிள்ளையின் கையில் பொம்மையைத் திணித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பொம்மைக் கடிதங்கள். "பொம்மை என்ன பாவம் செய்தது?" என்று கேட்டவர்கள் சிலர், "பொம்மையே கூடாது என்று சொல்லுங்கள்" என்று தூண்டிவிட்டவர்கள் சிலர். சரி, இந்த முறை முழுக்கப் பொம்மைதான்.

என் மகளுக்கு மூன்று வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு பஞ்சு முயலை விடவே மாட்டேன் என்கிறாள். காது நைந்துவிட்டது, ஒரு கண் இல்லை, நாற்றம் வேறு. அவள் தூங்கும்போது எடுத்துத் துவைத்துப் போட்டேன். எழுந்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படி ஓர் அழுகை. அதே மாதிரி புது முயல் வாங்கிக் கொடுத்தால் தூக்கி எறிகிறாள். இது பிடிவாதமா, வேறு ஏதாவதா?
— களைத்துப்போன ஓர் அம்மா

பிடிவாதம் இல்லை. உங்கள் கண்ணுக்கு அது அழுக்கு, அவள் மூக்குக்கு அதுதான் முயல்.

தூக்கம் வரும் நேரத்தில் அந்தப் பொம்மையை அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு நாள் உற்றுப் பாருங்கள். முகத்தைப் பார்க்கவே மாட்டாள். நைந்த காதையோ, தையல் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் லேபிளையோ இருட்டிலேயே தடவிக் கண்டுபிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவாள், அப்படியே மூக்கடியில் கொண்டுபோய் வைத்துக்கொள்வாள், கண் சொக்கும். அந்தக் காது, அந்த வாசனை, அந்தத் தேய்ந்த இடம், இவை சேர்ந்ததுதான் அவளுக்கு முயல். புது முயலில் இதில் ஒன்றுகூட இல்லையே!

இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட் இதைப் பற்றி 1951-லேயே பேசியிருக்கிறார். அம்மாவும் தானும் ஒன்று என்று இருந்த குழந்தை, தான் வேறு அம்மா வேறு என்று மெல்லப் புரிந்துகொள்ளும் காலத்தில், அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ள ஒரு துணியையோ பொம்மையையோ தானாகவே தேர்ந்தெடுக்கிறது என்றார். அதைத் துவைத்தால் குழந்தையின் அனுபவத்தில் ஒரு வெட்டு விழும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும், அதனால்தான் நாறினாலும் விட்டுவிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஆக, நீங்கள் தனி ஆள் இல்லை.

புது முயலை எறிந்த கதைக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2008-ல் வெளியிட்டது. எந்தப் பொருளையும் அச்சு அசலாக நகலெடுக்கும் இயந்திரம் என்று விளக்கெல்லாம் பொருத்திய பெட்டிகளைக் குழந்தைகளிடம் காட்டினார்கள் (எல்லாம் மாயாஜாலக்காரர் வேலைதான்). சாதாரணப் பொம்மை என்றால் நகலையே சந்தோஷமாக எடுத்துக்கொண்ட பிள்ளைகள்கூட உண்டு. ஆனால் தினமும் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை என்றதும் சிலர் பெட்டிக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை, வைத்தவர்களிலும் பெரும்பாலானோர் அசலைத்தான் திருப்பிக் கேட்டார்கள்.

சரி, நாற்றத்துக்கு வழி? அவளுக்குத் தெரியாமல் துவைக்காதீர்கள், அதுதான் முதல் விஷயம். "முயலுக்கு இன்னிக்குக் குளியல்" என்று பகலிலேயே சொல்லி, வாளித் தண்ணீரில் அவள் கையாலேயே அமுக்கவிட்டு, கொடியில் தொங்குவதை அவள் பார்க்கும்படி காயப்போடுங்கள். வாசனை இல்லாத சோப்பு போதும், துணிக்குப் போடும் மணமூட்டித் திரவம் வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் ஒரு ராத்திரி உங்கள் தலையணையில் கிடக்கட்டும், கொஞ்சம் வீட்டு வாசனை ஏறிவிடும். தூசுப்பூச்சி ஒவ்வாமை இருக்கிற பிள்ளை என்றால் 60 டிகிரி வெந்நீர் வேண்டும். பொம்மை அதைத் தாங்காது என்றால் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு முழு நாள் வைத்துவிட்டு அப்புறம் அலசலாம். இன்னொன்று, மிச்சமிருக்கும் அந்த ஒற்றைக் கண்ணை இழுத்துப் பாருங்கள். ஆடினால் பிய்த்துவிட்டு நூலால் தைத்துவிடுங்கள், அது அவள் தொண்டைக்குள் போவதற்கு முன்னால்.

நாலு வயதுப் பையன் பொம்மையைத் தூக்கிக்கொண்டே திரிகிறான். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பொம்பளைப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவானோ?
— ஓர் அப்பா

ஆக மாட்டான். பயம், ஏக்கம், கோபம் எல்லாம் ஆண்பிள்ளைக்கும் அதே அளவில்தான் வருகிறது, கட்டிக்கொள்ளவும் ஏதாவது வேண்டியிருக்கிறது. சிரிக்கிறவர்களை விடுங்கள், அவன் பொம்மையோடு வரும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் அவன் பார்ப்பான்.

பேரனுக்கு இரண்டரை வயது. தரையில் விழுந்து கத்தும்போது மருமகள் ஓடிப்போய் ஒரு பொம்மையை எடுத்துவந்து "இதைக் கட்டிப் பிடிச்சுக்கோ" என்கிறாள். அவன் அதை வீசி அடிக்கிறான். நான் தூக்கப் போனால் தடுக்கிறார்கள். எங்கள் காலத்தில் மடியில் போட்டுத் தட்டினால் அடங்கிவிடும். பொம்மையை வைத்துப் பிள்ளை வளர்க்க முடியுமா?
— ஒரு தாத்தா

முடியாது ஐயா. ஆனால் உங்கள் மருமகள் கையில் எடுத்த பொருளில் தப்பில்லை, எடுத்த நேரம்தான் தப்பு.

அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1950-களில் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து (இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள், படிக்கவே மனசு கனக்கும்) இரண்டு போலித் தாய்களோடு விட்டார். ஒன்று வெறும் கம்பி, அதில் பால் புட்டி இருக்கும். இன்னொன்று மெத்தென்ற துணி சுற்றியது, பால் கிடையாது. குட்டிகள் பாலுக்கு மட்டும் கம்பியிடம் போய்விட்டு, மற்ற நேரமெல்லாம் துணித்தாயைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தன. மிரட்டும் பொருள் ஒன்றைக் காட்டியபோதும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது துணித்தாயிடம்தான். வேடிக்கை என்னவென்றால், அப்படி மிரட்டப் பயன்பட்டவற்றில் ஒன்று சாவி கொடுத்தால் மத்தளம் தட்டும் கரடி பொம்மை!

மெத்தென்ற தொடுதல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதற்கு எல்லோரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். மீதியை யாரும் சொல்வதில்லை. துணித்தாயை மட்டுமே நம்பி வளர்ந்த அந்தக் குட்டிகள் பெரிதானபோது மற்றக் குரங்குகளோடு ஒட்டத் தெரியாமல், சண்டையும் பயமுமாகத்தான் திரிந்தன. துணி ஆறுதல் தந்தது, ஆனால் எதையும் கற்றுத்தரவில்லை. பிள்ளை சமாதானமாவது எப்படி என்பதை ஓர் ஆளின் மடியில்தான் கற்றுக்கொள்கிறது, அந்தச் சமாதானத்தில் கொஞ்சம் எடுத்துப் பொம்மையிடம் கொடுத்து வைக்கிறது, ஆள் இல்லாத நேரத்தில் அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. கொடுத்து வைக்காத பொம்மையிடம் போய் எதை எடுப்பான்?

அப்புறம் அடத்துக்கும் ஒரு போக்கு உண்டு. மைக்கேல் போட்டீகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த வயதுப் பிள்ளைகளின் அடத்தில் கோபம் ஆரம்பத்திலேயே உச்சிக்குப் போய் மெல்ல இறங்குவதையும், அழுகையும் ஆறுதல் தேடுவதும் கோபம் தணியத் தணியத் தெரிவதையும் காட்டினார்கள். கத்தி உதைக்கும் அந்த முதல் நேரத்தில் பொம்மையை நீட்டினால் அது வீசுவதற்கு வசதியான ஒரு பொருள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்காருங்கள், அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேச்சைக் குறையுங்கள். கத்தல் விம்மலாக மாறும் இடம் ஒன்று வரும், உங்களுக்கே தெரியும். அப்போது தூக்குங்கள். மருமகள் அப்போது பொம்மையைக் கொண்டுவரட்டும், உங்கள் மடியில் அவனும் அவன் மடியில் பொம்மையுமாக இருக்கட்டும். நாலு தடவை இப்படி நடந்தால் ஐந்தாவது தடவை அவனே போய் எடுத்துவரக்கூடும். உங்கள் கையைத் தடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாக மருமகளிடம் காட்டுங்கள், ஆனால் ஜெயித்த முகத்தோடு காட்டாதீர்கள்.

சொன்ன பேச்சு கேட்காவிட்டால் அவனுடைய கரடியை எடுத்து அலமாரி மேல் வைத்துவிடுவேன். உடனே கேட்டுவிடுகிறான். நல்ல பலன் தெரிகிறது. தொடரலாமா?
— ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகள்

வேண்டாம். பலன் தெரிகிறது என்கிறீர்களே, தெரிவது பயம். பயந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் பொருளையே பயமுறுத்த எடுத்துவிட்டால் அவன் எங்கே போவான்? காரையோ, பந்தையோ, டிவி நேரத்தையோ பிடித்து வையுங்கள், அதெல்லாம் வேறு கணக்கு. கரடியை மட்டும் தண்டனைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், பரிசுப் பட்டியலிலும் சேர்க்காதீர்கள். "சமத்தா இருந்தாதான் கரடி" என்ற பேச்சும் கூடாது, ஏனென்றால் சமத்தாக இல்லாத நேரத்துக்குத்தான் கரடி.

எந்தப் பக்கம் பார்த்தாலும் "உணர்ச்சிகளைக் கையாளும் பொம்மை" என்று விளம்பரம். எடை வைத்த பொம்மை, திருப்பினால் கோபமுகம் காட்டும் ஆக்டோபஸ், விரலால் உருட்டவும் சுழற்றவும் ஃபிட்ஜெட், மூச்சு விடும் பொம்மை. ஆறு வயது மகளுக்கு எதை வாங்குவது?
— குழம்பிய வாசகி

எதையும் வாங்காமலே ஆரம்பிக்கலாம். வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் ஒரு பஞ்சு பொம்மையை எடுங்கள். மகளை மல்லாக்கப் படுக்க வைத்து, பொம்மையை வயிற்றின் மேல் உட்கார வையுங்கள். மூக்கால் மூச்சை இழுத்துப் பொம்மையை மேலே தூக்கணும், அப்புறம் அது உருண்டு விழாமல் மெல்ல மெல்லக் கீழே இறக்கணும். அவ்வளவுதான் விளையாட்டு. "ஆழமா மூச்சு விடு" என்றால் பிள்ளைகள் தோளைத் தூக்கி நெஞ்சை உப்பிக் காட்டுவார்கள், அதில் ஒரு பயனும் இல்லை. வயிற்றில் பொம்மை இருந்தால் வயிறு தானாக வேலை செய்கிறது, வெளிவிடும் மூச்சு நீள்கிறது, மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணிகிறது. சும்மா இருக்கும்போது பழக்கினால்தான் கோபம் வரும்போது கை கொடுக்கும்.

திருப்பும் ஆக்டோபஸ் எனக்குப் பாதி பிடிக்கும். வாய் திறந்து சொல்ல வராத பிள்ளை கோபமுகத்தைத் திருப்பி மேசைமேல் வைத்துவிட்டுப் போனால் அதுவே ஒரு கடிதம். உணர்ச்சிக்குப் பேர் சூட்டுவதில் பலன் உண்டு. பெரியவர்களை வைத்து மேத்யூ லீபர்மன் குழு 2007-ல் செய்த மூளை ஸ்கேன் ஆய்வில், பார்க்கிற முகத்தின் உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது பயம் போன்றவற்றுக்குத் துடிக்கும் அமிக்டலா என்ற பகுதி கொஞ்சம் அடங்குவது தெரிந்தது. பிடிக்காத பாதி என்னவென்றால், அதில் இருப்பது இரண்டே முகம். பொறாமை, வெட்கம், ஏமாற்றம், பயம் எல்லாம் எங்கே போகும்? அதைவிட மோசம், வீட்டில் ஒருவர் வந்து "சிரிச்ச முகத்தைத் திருப்பு பார்ப்போம்" என்பார். அந்த நிமிடமே பொம்மை கெட்டது. எந்தப் பக்கம் திருப்புவது என்பது அவள் உரிமை, உங்கள் வேலை பார்த்துவிட்டு "கோபமா இருக்கியா, சரி" என்பது மட்டும்.

எடை வைத்த பொம்மை, ஆறு வயதில் மடியில் வைத்துக்கொள்ளச் சிலருக்கு இதமாக இருக்கும், சிலருக்கு எரிச்சலாக இருக்கும். தானே தூக்கி நகர்த்த முடியாத கனம் கூடாது, தூங்கும்போது மேலே வேண்டாம். கைக்குழந்தைக்கு எடை வைத்தது எதுவுமே கூடாது, இதில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. ஃபிட்ஜெட் வாங்கினால் கண்ணை இழுக்காத, சத்தம் போடாத, கை மட்டும் வேலை செய்கிற ஒன்றாக வாங்குங்கள். சுழல்வதைப் பார்த்துக்கொண்டே பாடம் கவனிக்க யாராலும் முடியாது. மூச்சு விடும் பொம்மை, மேலே சொன்ன வேலையை பேட்டரி போட்டுச் செய்கிறது.

என் மகனுக்கு ஐந்து வயது முடியப்போகிறது. எந்தப் பொம்மைமேலும் ஒட்டுதல் இல்லை. பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. நான்தான் ஏதோ பழக்காமல் விட்டேனா?
— கவலைப்படும் அம்மா

இதற்குமா கவலை! 1970-ல் இத்தாலியில் ரெனாட்டா காடினியும் யூஜெனியோ காடினியும் ஒரு கணக்கெடுத்தார்கள். அம்மா அப்பா பக்கத்தில் படுத்து, தூக்கி வைத்துத் தூங்கவைக்கிற கிராமத்துக் குழந்தைகளிடம் இந்த மாதிரிப் பொருள் அபூர்வம், நகரத்தில் தனியே படுக்கும் குழந்தைகளிடம் அதிகம். துணைக்கு ஆள் இருக்கும்போது துணைக்குப் பொருள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான் சங்கதி. சில பிள்ளைகள் விரலைச் சூப்பும், சில அம்மாவின் காது மடலைப் பிடிக்கும், சில தனக்குத்தானே பாடும். உங்கள் மகன் எதைச் செய்கிறான் என்று கவனித்திருக்க மாட்டீர்கள்.

பொம்மை வாங்கி வந்து "இதுமேல பாசம் வை" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

மழலையர் வகுப்பு ஆசிரியை நான். புதிதாகச் சேர்ந்த ஒருவன் ஒரு துணிக் குட்டியானையை விடாமல் வைத்திருக்கிறான். மற்றவர்கள் பிடுங்குகிறார்கள், சண்டை வருகிறது. வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லலாமா? சக ஆசிரியர்கள் "இப்படியே விட்டால் பழகிவிடும்" என்கிறார்கள்.

டீச்சர், கொஞ்ச நாள் பொறுங்கள். ரிச்சர்ட் பாஸ்மனும் பால் வைஸ்பெர்கும் 1975-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், போர்வைமேல் ஒட்டுதல் உள்ள சின்னப் பிள்ளைகளைப் புதிய அறை ஒன்றில் விட்டுப் பார்த்தார்கள். அம்மா கூட இருந்த பிள்ளைகள் எவ்வளவு விளையாடினார்களோ, போர்வை மட்டும் கூட இருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவு விளையாடினார்கள். ஒட்டுதல் இல்லாத பிள்ளைக்குப் போர்வையைக் கொடுத்தபோது அந்தப் பலன் இல்லை. மூன்று வயதுப் பிள்ளைகளை மருத்துவப் பரிசோதனைக்கு உட்காரவைத்த 2000-ஆம் ஆண்டு ஆய்விலும் இதே கதைதான். பொருள் கையில் இருந்தால் பிள்ளை அதையே பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும் என்று பயப்படுகிறோம், நடப்பது நேர் எதிர்.

ஆனால் பிடுங்கல் சண்டை உங்கள் தலைவலி, அதை ஆய்வு வந்து தீர்க்காது. யானைக்கு ஓர் இடம் கொடுங்கள், அவன் பையின் மேல் அறையோ, ஜன்னலோரமோ, அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். வேண்டும்போது போய்த் தொட்டுவிட்டு வரலாம், ஓடியாடும்போது அது அங்கே இருக்கும். மற்றவர்களிடம் "இது பொதுப் பொம்மை இல்லை, அவனோடது" என்று ஒரே தடவை அழுத்தமாகச் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் பகிரணும் என்று சொல்லிக்கொடுப்பது நல்லதுதான், இதில் மட்டும் வேண்டாம். வீட்டாரிடம் சொல்லி, நாளடைவில் யானை உடம்புத் துணியிலேயே ஒரு சின்னத் துண்டு வெட்டிச் சட்டைப்பைக்குள் வைக்கலாம், அவன் சம்மதித்தால்.

பத்து மாதக் குழந்தை. டெட்டி பக்கத்தில் இருந்தால் நன்றாகத் தூங்குகிறாள். விடலாமா?

கூடாது. ஒரு வயது முடியும்வரை தூங்கும் இடத்தில் பொம்மை, தலையணை, தளர்ந்த போர்வை எதுவும் வேண்டாம், முகத்தை மூடிவிட்டால் மூச்சு முட்டும் ஆபத்து இருக்கிறது. விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கையில் தாராளமாகக் கட்டிக்கொள்ளட்டும்.

பயணத்தில் மகனின் நாய்க்குட்டிப் பொம்மை தொலைந்துவிட்டது. இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. "நாய்க்குட்டி ஊர் சுற்றப் போயிருக்கு, வந்துடும்" என்று மாமியார் சொல்லி வைத்துவிட்டார். இப்போது தினமும் வாசலைப் பார்க்கிறான்.
— நாலு வயதுப் பையனின் அம்மா

அத்தை நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் வாசலைப் பார்க்கிறான் என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். வராத ஒன்றுக்காகக் காத்திருப்பது, இழந்துவிட்டோம் என்று அழுவதைவிடக் கொடுமை. "தொலைஞ்சுடுச்சு. தேடினோம், கிடைக்கலை. எனக்கும் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். அழுவான், அழட்டும், அவனுக்கு இது உண்மையான இழப்பு. "ஒரு பொம்மைக்கா இவ்வளவு?" என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாய்க்குட்டியைப் படம் வரைய வையுங்கள், அது செய்த சேட்டைகளைச் சொல்லச் சொல்லுங்கள். உடனே அதே மாதிரி வேறொன்றை வாங்கிவந்து "இதோ வந்துடுச்சு" என்று ஏமாற்ற வேண்டாம், முகர்ந்ததும் தெரிந்துவிடும் (முயல் அம்மாவைக் கேளுங்கள்). சில நாள் கழித்து, வேறு ஒன்றை அவனே தேர்ந்தெடுப்பான், அல்லது எதுவும் வேண்டாம் என்று விட்டுவிடுவான். இரண்டுமே சரி. தூங்கும் நேரத்தில் கொஞ்ச நாள் நீங்களே கூட இருங்கள், நாய்க்குட்டியின் வேலை இப்போது உங்களுக்கு.

வீடு மாறி வந்ததிலிருந்து ஏழு வயது மகள் இரவில் பயப்படுகிறாள். பொம்மையைக் கொடுத்துப் பார்த்தேன், "நான் ஒண்ணும் பாப்பா இல்லை" என்று தள்ளிவிட்டாள்.
— ஓர் அப்பா

அப்படியானால் அவளைப் பார்த்துக்கொள்ளப் பொம்மையைக் கொடுக்காதீர்கள், பொம்மையைப் பார்த்துக்கொள்ள அவளை வையுங்கள்.

2006-ல் லெபனான் போர் நடந்த சமயத்தில், வீட்டை விட்டு வந்து முகாமில் தங்கியிருந்த இஸ்ரேல் குழந்தைகளிடம் அவி சாதே என்ற உளவியலாளரும் அவர் குழுவும் ஒரு நாய்க்குட்டிப் பொம்மையைக் கொடுத்தார்கள். "இது எப்பவும் சந்தோஷமா இருக்கும், இப்போ வீட்டை விட்டு ரொம்ப தூரம் வந்துட்டதால சோகமா இருக்கு, நெருங்கின நண்பர் யாரும் இல்லை, நீ பார்த்துக்கிறியா?" என்பதுபோலச் சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பொறுப்பேற்ற குழந்தைகளிடம் பயமும் பதற்றமும் குறைந்தன, பொம்மையோடு அதிகம் ஒட்டியவர்களிடம் இன்னும் குறைந்தன. 2008-ல் இதை வெளியிட்டார்கள்.

பயப்படுகிறவளை "பயப்படாதே" என்றால் பயம் போகாது, கூடவே வெட்கமும் சேரும். அதுவே இன்னொரு உயிருக்கு (அது பஞ்சாகவே இருக்கட்டும்) தைரியம் சொல்லும் பொறுப்பு வந்தால், சொல்லும் வார்த்தையெல்லாம் அவள் காதிலேயே விழுகிறதே! புது வீட்டில் இரவில் என்னென்ன சத்தம் வரும், ஜன்னல் ஏன் அப்படி ஆடுகிறது, குளியலறை விளக்கு ஸ்விட்ச் எங்கே என்று பொம்மைக்கு விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் திருத்தவோ சிரிக்கவோ வேண்டாம். அவள் பொம்மையிடம் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் எது பயமுறுத்துகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும், நேரே கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள்.

பஞ்சு பொம்மையே வேண்டாம் என்றால் குவாதமாலாவின் மாயா மக்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. துணியும் நூலும் சுற்றிய விரல்நீளக் குட்டிப் பொம்மைகள், படுக்கப் போகும்முன் ஒன்றிடம் ஒரு கவலை என்று சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கலாம், கவலை அதன் பொறுப்பு. குச்சியிலும் நூலிலும் அவளே செய்துகொள்ளலாம், ஏழு வயதில் செய்வதே பாதி வைத்தியம். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பள்ளி போக மறுத்து, வயிற்றுவலி தலைவலி என்று தொடர்ந்தால் மட்டும் பொம்மையோடு நிற்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பதினொரு வயது. இன்னும் கரடியோடுதான் தூக்கம். எப்போது நிறுத்துவது?

நீங்கள் நிறுத்த வேண்டியது ஒன்றும் இல்லை. நண்பர்கள் இருக்கிறார்களா, படிப்பு விளையாட்டு எல்லாம் ஓடுகிறதா, வெளியூர் போனால் கரடி இல்லாமலும் எப்படியோ தூங்கிவிடுகிறானா? ஆம் என்றால் விடுங்கள். கரடி இல்லாமல் வீட்டை விட்டே நகர மாட்டேன் என்கிறான் என்றால் கரடியைப் பிடுங்காதீர்கள், எதற்குப் பயப்படுகிறான் என்று பாருங்கள். வின்னிகாட்டே சொன்னதுதான், இந்தப் பொருள்களைப் பிள்ளைகள் மறந்துவிடுவதும் இல்லை, அதற்காக அழுவதும் இல்லை, அதன் அர்த்தம் மெல்ல மற்ற விஷயங்களில் கரைந்துபோகிறது. பெரியவர்கள் சிலரிடமே இன்னும் இருக்கிறது. வந்த கடிதங்களில் மூன்றுபேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பெயர் போட மாட்டேன்.

குழந்தை பேசினால் பதில் பேசும், இணையத்தோடு இணைந்த பொம்மை வாங்கித் தரலாமா? "ஏன் அழறே?" என்றெல்லாம் கேட்கிறதாம்.
— தொழில்நுட்பம் பிடித்த அப்பா

எனக்குப் பிடிக்கவில்லை, காரணம் சொல்கிறேன். பஞ்சு பொம்மையின் பெரிய தகுதியே அது வாயைத் திறக்காததுதான். பிள்ளை திட்டினால் வாங்கிக்கொள்ளும், அழுதால் நனையும், என்ன பதில் வேண்டுமோ அதைப் பிள்ளையே அதன் குரலில் சொல்லிக்கொள்ளும். தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் பயிற்சி நடப்பது அந்தப் பதிலில்தான். பதிலை இயந்திரம் சொல்லிவிட்டால் பிள்ளைக்கு மிச்சமிருப்பது கேட்கும் வேலை.

இன்னொரு பக்கம், அது கேட்டதெல்லாம் எங்கே போகிறது? பேசினால் இணையத்தில் தேடிப் பதில் சொல்லும் 'மை ஃபிரண்ட் கெய்லா' என்ற பொம்மையை, மறைந்திருந்து ஒட்டுக்கேட்கும் கருவி என்று சொல்லி ஜெர்மனியின் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் தடை செய்தது, வாங்கியவர்களையே அதைச் செயலிழக்கச் செய்யச் சொன்னது. யாருக்கும் தெரியக்கூடாது என்று நம்பித்தான் பிள்ளை பொம்மையிடம் பேசுகிறது. அந்த நம்பிக்கையை விற்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மைக்கை அணைக்க முடிகிறதா பாருங்கள், படுக்கையறைக்குள் விடாதீர்கள். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடியதாக இருக்கட்டும். வட்ட பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி வரவைக்காமல், "பார்க்கலாம்" என்று காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.